கடலைப் பாராத ஊருக்கும் புயல் வரும்

குளிர் நாடுகளில் சில ஆண்டுகள் நவம்பர் மாதத்திலேயே பனிப்புயல் வந்துவிடுவதுண்டு. முன்னறிவிப்பைக் கேட்டதும் அங்குள்ளவர்கள் உணவும் எரிபொருளும் சேர்த்து வைத்துக்கொண்டு வீட்டுக்குள் அடங்கிவிடுவார்கள். புதுக்கோட்டை மாவட்டத்துக் குன்றாண்டார்கோவிலில் பனி கொட்டப்போவதில்லை. ஆனால் அதே நவம்பரில் நமக்கும் புயல் உண்டு. குளிர்ந்த காற்றும் வெப்பமான காற்றும் மோதும் இடத்தில் பனிப்புயல் பிறக்கிறது. நம் புயலோ வெதுவெதுப்பான கடல்நீரிலிருந்து எழும் நீராவியால் வளர்கிறது. நீராவி மேலே சென்று குளிர்ந்து மேகமாகும்போது வெளிப்படும் வெப்பமே அதற்கு உணவு.

அப்படியானால், தரைக்கு வந்ததும் புயல் பட்டினியால் உடனே செத்துவிடாதா? மெலியும், ஆனால் உடனே சாகாது. 2018 நவம்பர் 11ஆம் தேதி வங்கக்கடலில் உருவான 'கஜா' புயல் 16ஆம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே, மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகக் காற்றுடன் கரை ஏறியது. பிறகு புதுக்கோட்டை மாவட்டத்தை உலுக்கி, மேற்கே சென்று அரபிக்கடலில் இறங்கியது. புயல் என்றால் மீனவர் கவலை என்று எண்ணியிருந்த உள்நாட்டு ஊர்களில் மரங்களும் மின்கம்பங்களும் வரிசை வரிசையாகச் சாய்ந்தன. உருவான நாளுக்கும் கரை ஏறிய நாளுக்கும் இடையில் ஐந்து நாட்கள் இருந்ததைக் கவனியுங்கள்.

காற்றின் வேகம் இரு மடங்கானால் அது தள்ளும் விசை இரு மடங்கு ஆகாது. நான்கு மடங்கு ஆகும்! மணிக்கு 50 கிலோமீட்டர் வேகக் காற்று, தனக்கு நேரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் சுமார் 12 கிலோகிராம் எடைக்குச் சமமான விசையுடன் தள்ளுகிறது. 100 கிலோமீட்டரில் அது 47 கிலோகிராம் ஆகிவிடும். ஒரு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் நீளமும் கொண்ட தகரத்தைக் காற்றுக்கு எதிரே நிமிர்த்தினால், இரண்டு ஆட்களின் எடைக்கு மேல் அதன்மீது சாயும்.

குன்றாண்டார்கோவில் குடைவரைக் கோயிலின் முன், குதிரைகள் இழுக்கும் தேர் வடிவில் ஒரு கல் மண்டபம் உண்டு. எந்தக் காற்றும் அதை அசைக்காது. நம் தகரக் கொட்டகையின் கதை வேறு. கூரையின் மேலாக விரைந்தோடும் காற்றால் அங்கே அழுத்தம் குறைகிறது. கூரை மேல்நோக்கி இழுக்கப்படுகிறது. காற்று வரும் பக்கத்துக் கதவும் திறந்திருந்தால், உள்ளே புகுந்த காற்று கீழிருந்தும் தள்ளும். ஆகவே அந்தப் பக்கத்துக் கதவு சன்னல்களை அடைத்துத் தாழிட வேண்டும். கூரைமேல் தளர்வாகச் செங்கல்லை ஏற்றிவைக்கும் வழக்கத்தை நான் ஆதரிக்கமாட்டேன். கூரை பறந்தால் கல்லும் பறக்கும். கூரையைச் சட்டத்தோடும் சட்டத்தைத் தூணோடும் கம்பியால் இறுகக் கட்டுவதே மேல்.

தென்னைக்கு ஆணிவேர் கிடையாது. மழையில் ஊறி இளகிய மண்ணில், விரிந்த மட்டைகள் பாய்மரம் போலக் காற்றை வாங்க, மரம் வேரோடு சாயும். முற்றிய காய்களையும் அடிமட்டைகளையும் முன்னதாகவே வெட்டி இறக்கினால் பாரம் குறையும்.

இரவில் காற்று திடீரென ஓய்ந்தால் வெளியே ஓடாதீர்கள்! அது புயலின் 'கண்' உங்கள் ஊரைக் கடக்கும் நேரமாக இருக்கலாம். மேற்கு நோக்கிச் செல்லும் புயலின் பாதையில் உள்ள ஊரில் முதலில் வடக்கிலிருந்து அடித்த காற்று, கண் கடந்ததும் தெற்கிலிருந்து அடிக்கும். முதல் காற்றில் ஆட்டம் கண்ட மரத்தை இரண்டாவது காற்று வீழ்த்திவிடும்.

உண்மையான சோதனை மறுநாள்தான் தொடங்குகிறது. கஜாவுக்குப் பின் பல கிராமங்கள் நாட்கணக்கில், சில வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மின்சாரம் இல்லையேல் மோட்டார் ஓடாது. மோட்டார் ஓடாவிட்டால் மேல்நிலைத் தொட்டியில் தண்ணீர் ஏறாது. அடைமழைக் காலத்தில் குடிநீருக்குத் தவிப்பு! எனவே முதல் நாளே குடம், அண்டா, வாளி அனைத்தையும் நிரப்பி மூடி வையுங்கள். கைபேசிக்கு முழு மின்னேற்றம் செய்து, மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077ஐக் குறித்துக்கொள்ளுங்கள். ஆடு மாடுகளை மரத்தடியில் கட்டவேண்டாம்.

விடிந்ததும் தெருவில் மின்கம்பி அறுந்து கிடக்கலாம். ஊர் முழுவதும் மின்சாரம் இல்லையே என்று அதைத் தொட்டுவிடாதீர்கள். யாரோ ஒருவர் தம் வீட்டில் ஜெனரேட்டரைத் தவறாக இணைத்து ஓட்டினால், அதன் மின்சாரம் அந்தக் கம்பிக்கும் வந்து சேரும்.