உங்களுக்குத் தெரியுமா? விளக்கு ‘இஸ்’ அல்ல, ‘பி’

இந்திய நாடாளுமன்றச் சட்டங்களின் இயற்றல் வாசகம் ‘பி இட் எனாக்டட்’ என்று தொடங்கும். ‘இயற்றப்படுக’ எனப் பொருள்படும் இந்த ‘பி’தான் ஆங்கிலத்தின் சப்ஜங்டிவ். நடப்பதை அல்ல, நடக்க வேண்டியதையும் வெறும் கற்பனையையும் சொல்லும் வினைவடிவம் அது.

2011-இல் மதுரை மாநகராட்சியோடு இணைந்த ஆனையூரிலிருந்து தெருவிளக்குக்காக ஆங்கிலத்தில் மனு எழுதுபவர், ‘ஐ ரிக்வெஸ்ட் தட் த லைட் பி ரிப்பேர்ட்’ என்றே எழுத வேண்டும், ‘இஸ்’ பொருந்தாது. ‘ரிக்வெஸ்டட்’ என்று இறந்தகாலத்தில் சொன்னாலும் ‘பி’ மாறாது. ‘ஐ ரிக்வெஸ்ட் தட் ஹி கம்’ என்பதிலும் ‘கம்ஸ்’ வராது. கற்பனைக்கு ‘வேர்’: ‘இஃப் ஐ வேர் த மேயர்’. பேச்சில் ‘வாஸ்’ தாராளமாகப் புழங்குகிறது. தேர்வுத்தாளில் ‘வேர்’தான் பாதுகாப்பு.

தமிழில் இதற்கு நெருங்கிய உறவு வியங்கோள்: வாழ்க, வருக, ஒழிக. மதுரைச் சுவர்களில் இதற்குப் பஞ்சமே இல்லை. தன்மையிலும் முன்னிலையிலும் வியங்கோள் நிலைபெறாது என்கிறது தொல்காப்பியம். நன்னூலோ மூவிடத்துக்கும் பொதுவாக்கிவிட்டது. கற்பனைக்கு மட்டும் தமிழில் தனி வடிவம் இல்லை. ‘நான் மேயராக இருந்தால்’ என்பது நடக்கக்கூடியதா, வெறும் கனவா என்பதைச் சூழல்தான் சொல்லும்.