தேயிலைக் கழிவும் மக்கும் நெகிழியும்

நெகிழியை ஒழிக்க வேண்டும் என்று பேசாதவர் இல்லை. நெகிழிப் பை இல்லாமல் சந்தைக்குப் போய் வருபவரும் அதிகம் இல்லை. இந்நிலையில் ‘மக்கும் நெகிழி’ என்ற சொல் நமக்கு ஆறுதலாக இருக்கிறது. ஆனால், அது எங்கே மக்கும், எத்தனை நாளில் மக்கும் என்று நாம் கேட்பதே இல்லை.

கேமரன் மலையின் ரிங்லெட்டில் வாழ்பவர்களுக்கு இது வெறும் பாடநூல் கேள்வி அன்று. காய்கறித் தோட்டங்களில் மண்ணை மூடும் நெகிழி விரிப்பும் மழைக் கொட்டகையின் நெகிழிக் கூரையும் ஒரு நாள் கிழியத்தான் செய்யும். கிழிந்தவை மழை நீரோடு ஓடையில் இறங்கினால், 1963இல் கட்டி முடிக்கப்பட்ட சுல்தான் அபு பக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் போய்ச் சேரும். அதே ஊரைச் சுற்றித்தான் தேயிலைத் தோட்டங்களும் இருக்கின்றன. தேயிலை ஆலையின் கழிவைக் கொண்டு மக்கும் நெகிழி செய்ய முடியுமா என்பதைப் பார்ப்போம்.

கூட்டுப்பொருள் என்றால் என்ன?

நம் முன்னோர் மண்சுவர் எழுப்பும்போது களிமண்ணில் வைக்கோலைக் குழைத்துச் சேர்த்தனர். காயும் மண் வெடித்துவிடாமல் வைக்கோல் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். கூட்டுப்பொருளின் தத்துவமும் இதுவே. மண்ணின் இடத்தில் நெகிழி. வைக்கோலின் இடத்தில் நார் அல்லது தூள். இதனை ‘நிரப்பி’ என்பர்.

இது புதிய கண்டுபிடிப்பு அன்று. 1907இல் லியோ பேக்லண்ட் உருவாக்கிய பேக்லைட்டில் மரத்தூளை நிரப்பியாகச் சேர்த்தனர். கிழக்கு ஜெர்மனியின் டிராபண்ட் காரின் உடற்பகுதி, பஞ்சுக் கழிவையும் பிசினையும் அழுத்திச் செய்யப்பட்டது. ஆனால், அந்தப் பிசின்கள் மக்காதவை. இன்றைய ஆய்வாளர்கள் நிரப்பி, நெகிழி இரண்டுமே மக்க வேண்டும் என்று முயல்கின்றனர்.

இதற்கு அதிகம் பயன்படுவது பி.எல்.ஏ. எனப்படும் பாலிலாக்டிக் அமிலம். சோளமாவு, கரும்பு போன்றவற்றின் சர்க்கரையை நொதிக்க வைத்து இதனைச் செய்கின்றனர். சாதாரண நெகிழியைவிட இதன் விலை அதிகம். நூற்றுக்கு இருபது, முப்பது பங்கு கழிவைச் சேர்த்தால் அந்த அளவுக்கு நெகிழி மிச்சமாகிறது.

கழிவுக்குக் குறைவில்லை

மலேசியாவில் கழிவு என்றதும் முதலில் நினைவுக்கு வருவது செம்பனைதான். ஆலைக்கு வரும் 100 கிலோ பழக்குலையில் ஏறத்தாழ 22 கிலோ, பழம் உதிர்த்த வெறுங்குலையாக மிஞ்சுகிறது. தேயிலை ஆலையில் கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்க வைத்து, உலர்த்திச் சலிக்கும்போது காம்பும் நாரும் தனியே பிரிகின்றன. இவற்றில் செல்லுலோஸும் லிக்னினும் உண்டு. கவாத்து செய்த கிளைகளை மட்டும் எடுக்கக் கூடாது. அவை செடியடியில் மக்கி மண்ணுக்கே உரமாக வேண்டியவை.

செய்முறையும் சிக்கலும்

கழிவை நன்கு உலர்த்தி, அரைத்து, சலித்து, உருகிய பி.எல்.ஏ.வுடன் சுமார் 170 முதல் 190 பாகை செல்சியஸில் கலக்க வேண்டும். 200 பாகையைத் தாண்டினால் நார் கருகத் தொடங்கும். ஈரம் இருந்தால் அந்தச் சூட்டில் நீர், நெகிழியின் நீண்ட மூலக்கூறுகளை அறுத்துவிடும்.

இன்னொரு சிக்கல், நார் நீரை விரும்பும், பி.எல்.ஏ. விரும்பாது. இரண்டும் எளிதில் ஒட்டாது. ஆகவே, நாரைச் சோடியம் ஹைட்ராக்சைடு கரைசலில் கழுவி, மேலுள்ள மெழுகை நீக்கிச் சொரசொரப்பாக்குகின்றனர். நீண்ட நார் நன்றாக ஒட்டினால் பொருள் வலுவாகும். வெறும் தூள் விறைப்பைக் கூட்டினாலும் பெரும்பாலும் இழுவலிமையைக் குறைத்துவிடும். தேயிலைத் தூளைக் கொண்டு பாரம் தாங்கும் பொருள் செய்ய நினைப்பது வீண். தட்டு, நாற்றுத் தொட்டி போன்றவை செய்யலாம்.

எங்கே மக்கும்?

இதுதான் முக்கியம். ஐரோப்பாவின் இ.என். 13432 தரநிலை, மக்கும் பொதிபொருளைத் தொழிற்சாலை உரக்கிடங்கின் சூட்டில், சுமார் 58 பாகையில் சோதிக்கிறது. ஆறு மாதத்திற்குள் 90 விழுக்காடு சிதைய வேண்டும். பி.எல்.ஏ. தேறுவது அந்தச் சூட்டில்தான். கேமரன் மலையின் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 18 பாகை! தேயிலைத் தூள் ஈரத்தை உள்ளே இழுத்துச் சிதைவைச் சற்று விரைவுபடுத்தலாம். ஆனால் குளிர்ந்த மண்ணை உரக்கிடங்காக மாற்றிவிடாது. ஓடையில் விழுந்த பி.எல்.ஏ. தட்டு, சாதாரணத் தட்டைப் போலவே நெடுநாள் கிடக்கும்.

மண்ணிலேயே மக்கும் நெகிழிகளும் உண்டு. பி.எச்.ஏ., பி.பி.எஸ். போன்றவை அவ்வகை. விவசாய விரிப்புகளுக்கென 2018இல் வந்த இ.என். 17033 தரநிலை, சுமார் 25 பாகை மண்ணில் இரண்டு ஆண்டுக்குள் 90 விழுக்காடு சிதைய வேண்டும் என்கிறது. அந்த 25 பாகைகூட மலைக்குச் சற்று அதிகம்தான். மலைநாட்டுக்கான நாற்றுத் தொட்டியை மலைநாட்டு மண்ணிலேயே புதைத்துச் சோதிக்க வேண்டும்.

மலேசியா 2018இல் வெளியிட்ட வழிகாட்டித் திட்டம், ஒருமுறை பயன்படுத்தும் நெகிழியை 2030க்குள் ஒழிக்க இலக்கு வைத்துள்ளது. அதுவரை ‘மக்கும்’ என்ற முத்திரையோடு பல பொருள்கள் சந்தைக்கு வரும். அறிவியல் பயிலும் நண்பர்களே, அவற்றை வாங்கும் முன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எத்தனை பாகையில்? எத்தனை நாளில்? விடை இல்லாத முத்திரையை நம்பி எதையும் ஓடைக்கரையில் வீசிவிட முடியாது.