வில் எங்கிருந்து திரும்பி வந்தது?

வில்லுப்பாட்டு மறைந்துபோய் இப்போது திரும்பி வந்திருப்பதாகச் சொல்கிறோம். யாருக்கு மறைந்தது? நாஞ்சில் நாட்டு அம்மன் கொடையிலும் சுடலைமாடன் கொடையிலும் அது போகவேயில்லை.

போனது நகரத்து ரசனையிலிருந்துதான். ஒழுகினசேரிக்காரரான என்.எஸ்.கிருஷ்ணன் (1908–1957) வில்லை நகர மேடைக்குக் கொண்டுபோனார். அவர் அழைத்துப்போன சுப்பு ஆறுமுகம் வானொலி, தொலைக்காட்சி வரை அதைப் பரப்பினார். 2021இல் பத்மஸ்ரீ பெற்றார். காந்தி கதை வந்தது, பிரச்சாரம் வந்தது. சாமி மட்டும் வரவில்லை.

கொடையில் வில்லுக்கு ஒரு வேலை உண்டு. புலவர் கதையை முறுக்கேற்ற, குடமும் உடுக்கும் வேகம் பிடிக்க, சாமியாடிக்கு அருள் வந்தாகணும். வருகிற சாமிகளில் பலர் கொலையுண்டவர்கள். பிராமணனாகப் பிறந்து அருந்ததியர் பெண்களை மணந்து கொல்லப்பட்ட முத்துப்பட்டன் ஓர் உதாரணம். இடையில் புதுசாக வந்த சினிமா மெட்டையும் புலவர் எடுத்துப் போட்டுக்கொள்வார். அதில் அவருக்குத் தயக்கமில்லை. மெட்டு மாறும், வேலை மாறாது.

நகரம் மீட்டெடுத்தது இதற்கு நேர்மாறு: மெட்டை வைத்துக்கொண்டு வேலையை விட்டுவிட்டது. மரபை மீட்கிறோம் என்பவர்கள், செத்தவனின் நியாயத்தை எங்கே இறக்கி வைத்தோம் என்று முதலில் யோசிக்கணும்.