குன்று ஏறும் கால்களும் ஏற்ற காலணியும்

கோலார் தங்க வயலுக்குப் புதிதாக வருபவர் தொலைவிலிருந்து பார்த்து மலை என்று எண்ணும் மேடுகளிற் பல, மலைகள் அல்ல. 1880-ஆம் ஆண்டில் புதுமுறையில் தொடங்கி 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்ட தங்கச் சுரங்கங்கள் விட்டுச் சென்ற கழிவுகள் அவை. சுரங்கத்திலிருந்து கொணர்ந்த பாறையை ஆலைகளில் மாவாக இடித்து, சயனைடு கரைசலைக் கொண்டு பொன்னைப் பிரித்தெடுத்த பின் எஞ்சிய தூள், தலைமுறை தலைமுறையாக ஊரைச் சுற்றிலும் கொட்டப்பட்டது. மக்கள் இவற்றைச் சயனைடு மேடு என்றே வழங்குவர். ஏறுவதற்கு எளிதான சரிவு, உச்சியில் சமதளம், குடியிருப்புகளுக்கு மிக அண்மை. மாணவரைச் சிறு குன்று நடைக்கு அழைத்துச் செல்ல விரும்பும் ஆசிரியருக்கு முதலில் தோன்றக்கூடிய இடமும் இதுவே. இந்த எண்ணத்தைத் தொடக்கத்திலேயே கைவிடுவது நலம்.

காரணம் சயனைடு என்னும் பெயர் அன்று. வெயிலும் காற்றும் படப்படச் சயனைடின் பெரும்பகுதி காலப்போக்கிற் சிதைந்துவிடும். எஞ்சி நிற்பது நுண்ணிய கற்பொடி. அதில் சிலிகா மிகுதி. கந்தகம் சேர்ந்த உலோகக் கூட்டுப்பொருள்களும் உண்டு. வறண்ட மாதங்களிற் காற்று எழும்போது இப்பொடி புகைபோலக் கிளம்பும். நுரையீரலில் சிலிகாத் தூள் படிவதால் உண்டாகும் சிலிகோசிஸ் நோய் தங்க வயலுக்குப் புதிதன்று. 1940-களில் இங்கு நடத்திய ஆய்வொன்றில், சோதிக்கப்பட்ட சுரங்கத் தொழிலாளருள் பத்தில் நால்வருக்கு மேல் இந்நோய் காணப்பட்டது. ஆண்டுக்கணக்கில் நிலத்தடியில் தூளைச் சுவாசித்தவனுக்கும் ஒரு மாலை நேரம் மேட்டில் ஓடி விளையாடிய சிறுவனுக்கும் நேரும் தீங்கு ஒன்றே என்று கூறுவதற்கில்லை. எனினும், நல்ல காற்றை நாடிச் செல்பவர் இத்தகைய இடத்தைத் தேடிப் போவது பொருந்தாது. மேலும், மழைநீர் அறுத்த ஓடைகளின் விளிம்பு கால் வைத்தவுடன் சரியக்கூடும். பழைய சுரங்க வாய்களை அடுத்த நிலத்தையும் நம்பலாகாது. வேலி இருக்குமிடத்தில் வேலிக்கு வெளியே நிற்பதே முறை.

இயற்கை மலைக்கு இப்பகுதியிற் குறைவில்லை. தங்க வயலின் மேற்கே நீண்டு செல்லும் தொடரில் பேட்டராயன் கொண்டா சுமார் 3,200 அடி உயரமுடையது. ஊர் நிற்கும் மேட்டுநிலமே கடல் மட்டத்திற்கு ஏறத்தாழ 850 மீட்டர் உயரத்தில் இருப்பதால், உண்மையில் ஏற வேண்டிய உயரம் சிறிதே. கோலார் நகரை ஒட்டிய அந்தரகங்கைக் குன்றில் கோயில் வரை படிக்கட்டு உண்டு. அங்குக் கல் நந்தியின் வாயிலிருந்து வழியும் நீரைக் காண மக்கள் திரளாக வருகின்றனர். கோயிலுக்கு மேலே வழி மாறிவிடும். பெரும் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்று சரிந்து கிடக்கும் இடுக்குகளும் குகைகளும் அங்கு உள்ளன. முளுபாகல் வட்டத்தில் ஆவணி மலையடிவாரத்தில் நுளம்பர் காலத்து இராமலிங்கேசுவரர் ஆலயத் தொகுதியும், மேலே சீதாதேவிக்கு ஒரு கோயிலும் உள்ளன. பாறைகளைப் பற்றிக் கற்பிக்கும் ஆசிரியருக்குத் தங்க வயலை அடுத்த பெத்தபள்ளியும் உகந்தது. அங்குள்ள எரிமலைத் தோற்றப் பாறைகளை இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவித்துள்ளது. கோலார் பாறைத் தொகுதியின் வயது சுமார் 270 கோடி ஆண்டு. அவ்விடத்தில் ஏறுவதற்கு உயரம் அதிகமில்லை என்பது சிறு வகுப்பு மாணவருக்கு ஒரு வசதி.

வழியைத் தேர்ந்தெடுப்பதில் தூரத்தை மட்டும் கணக்கிடுவோர் ஏமாறுவர். ஸ்காட்லாந்து மலையேறியான வில்லியம் நெய்ஸ்மித் 1892-இல் கூறிய விதி இன்றும் பயன்படுகிறது. மூன்று மைல் நடைக்கு ஒரு மணி. ஏறும் ஒவ்வொரு 2,000 அடிக்கும் மேலும் ஒரு மணி. மீட்டர்க் கணக்கில், ஐந்து கிலோமீட்டருக்கு ஒரு மணி என்றும் 600 மீட்டர் ஏற்றத்திற்கு ஒரு மணி என்றும் கொள்ளலாம். ஆகவே ஆறு கிலோமீட்டர் நடந்து 300 மீட்டர் ஏற வேண்டிய வழிக்கு ஒரு மணி நாற்பது நிமிடத்திற்குச் சற்று மேல் ஆகும். இது பழகிய பெரியவர் தங்காமல் நடக்கும் நேரம். நாற்பது மாணவரும் ஒரு தண்ணீர்க் குடமும் உடன் வருமானால் இதை இரட்டித்துக் கொள்வது அனுபவத்திற்கு ஒத்தது. கூட்டத்தின் வேகம், அதில் மிக மெதுவாக நடப்பவரின் வேகமேயன்றி, முன்னால் ஓடும் சிறுவனின் வேகம் அன்று.

இக்குன்றுகளின் தரையைப் பற்றியும் அறிந்திருத்தல் வேண்டும். கருங்கற்பாறை வெயிலிலும் இரவுக் குளிரிலும் மாறி மாறி விரிந்து சுருங்கி, மேற்பரப்புத் தகடு தகடாகக் கழன்று, இறுதியில் பருமணலாக உதிர்கிறது. காய்ந்த வெறும் பாறையின் மீது ரப்பர் அடிப்பாகம் உறுதியாகப் பற்றும். அதே பாறையின் மேல் இப்பருமணல் ஒரு கைப்பிடி சிதறிக் கிடந்தால், ஒவ்வொரு மணலும் வண்டிச் சக்கரத்து உருளைக் குண்டுபோல் உருண்டு காலை வாரிவிடும். மழைக்குப் பின் பாறையில் கருமையாகப் படரும் பாசியும் அத்தகையதே. இதனால், வரிப்பள்ளம் தேய்ந்து வழுவழுப்பான அடிப்பாகம் இங்கு ஆகாது. இரண்டு பட்டை மட்டும் உள்ள ரப்பர்ச் செருப்பு ஏறும்போது ஒருவாறு உதவும். இறங்கும்போது பாதம் முன்னே நழுவிப் பட்டை கழன்றுவிடும்.

அப்படியாயின் எத்தகைய காலணி? இவ்விடத்தில் பலரும் அறியாத ஒரு செய்தியைக் கூறுதல் தகும். கடைகளில் 7, 8 என்று கேட்டு வாங்கும் எண்கள் ஆங்கில நாட்டு அளவைச் சேர்ந்தவை. ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே அங்குலத்தில் மூன்றிலொரு பாகம் வேறுபாடு; ஆதியில் இது ஒரு வாற்கோதுமை மணியின் நீளம். அவ்வெண்கள் பாதத்தின் நீளத்தைச் சொல்லுமேயன்றி அகலத்தைச் சொல்லா. சென்னையில் 1948-இல் நிறுவப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம், 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. இந்தியப் பாதங்கள் ஐரோப்பியப் பாதங்களைவிடப் பொதுவாக அகலமானவை என்பது அதனால் தெரியவந்தது. அகலம் போதாத காலணியை விட்டு, நீளத்தில் ஓர் எண் பெரியதை வாங்கி, குதிகாலில் தளர்ந்து உரசும் நிலையில் நாம் காலங்காலமாக அணிந்து வந்திருக்கிறோம். இந்த அளவீட்டின் அடிப்படையில் 'பா' என்னும் பெயரில் இந்திய அளவுமுறை ஒன்று வகுக்கப்பட்டது. பெண்களின் பாத வளர்ச்சி சுமார் 11 வயதிலும் ஆண்களுக்கு 15, 16 வயதிலும் உச்சம் அடைகிறது என்பதும் அவ்வாய்வின் முடிவு. உயர்நிலைப் பள்ளி மாணவனின் சென்ற ஆண்டுக் காலணி இவ்வாண்டு நெருக்குவதில் வியப்பில்லை.

ஆகவே எண்ணை நம்பாது பாதத்தையே அளப்பது நன்று. மாலையில், நடந்து களைத்துப் பாதம் சற்று வீங்கியிருக்கும் வேளையில் அளக்க வேண்டும். தடித்த தாளின் மேல் நின்று இரு பாதங்களின் வரைகோட்டையும் பென்சிலால் எழுதிக்கொள்ளலாம். பெரும்பாலோருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சிறிது பெரியது. பெரிய பாதத்திற்கு ஏற்பவே காலணி கொள்ள வேண்டும். நடையின்போது அணியவிருக்கும் காலுறையோடு பாதத்தைக் காலணிக்குள் முன்னே தள்ளி நின்றால், குதிகாலுக்குப் பின் ஒரு விரல் நுழைய இடம் இருத்தல் வேண்டும். நாடாவைக் கட்டிய பின் குதிகால் மேலெழும்பலாகாது. கடையில் சரிவான பலகையோ படியோ இருப்பின் அதில் இறங்கிப் பார்க்க வேண்டும். விரல் நுனி முன்பக்கம் முட்டுமானால், போகப்போகச் சரியாகிவிடும் என்று கடைக்காரர் கூறுவதை ஏற்கலாகாது. தோல் அகலத்தில் சற்று இளகும், நீளத்தில் இளகாது. தங்க வயலுக்குக் கிழக்கே, தமிழ்நாட்டின் வாணியம்பாடியும் ஆம்பூரும் தோலுக்கும் காலணிக்கும் பெயர் பெற்றவை.

கனமான பூட்ஸ்தான் மலைக்கு ஏற்றது என்பது மற்றொரு தவறான எண்ணம். பாதத்தில் ஒரு கிலோ கூடினால், உடலுக்கு அது முதுகில் நான்கு முதல் ஆறு கிலோ சுமப்பதற்கு ஒப்பான உழைப்பாகும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சுரங்கத்திற்கும் தொழிற்சாலைக்கும் உரிய இரும்பு மூக்குப் பூட்ஸ், மேலிருந்து விழும் பொருளிலிருந்து விரலைக் காப்பதற்கு அமைந்தது. இறக்கத்தில் அந்த இரும்பே விரலை இடிக்கும். எளிய குன்றுகளுக்கு, கணுக்கால் அளவு உயர்ந்த மெல்லிய பூட்ஸோ, நல்ல வரிப்பள்ளமும் நாடாவும் உள்ள கான்வாஸ் ஜோடோ போதும். நாள்தோறும் புதர்க்காட்டில் நில அளவை செய்யும் களப் பணியாளருக்குக் கணுக்காலை மூடும் பூட்ஸ் வேறு காரணத்தால் இன்றியமையாதது. பாம்புக்கடிகளிற் பெரும்பாலானவை பாதத்திலும் கீழ்க்காலிலுமே நேர்கின்றன. முழுக் காற்சட்டையும் மூடிய பூட்ஸும் நல்ல காப்பாகும். கடிபட்டால் அறுத்தலும் உறிஞ்சுதலும் இறுகக் கட்டுதலும் வேண்டா. கடிபட்ட அவயவத்தை அசையாது வைத்து, விஷமுறிவு மருந்துள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டு செல்ல வேண்டும்.

காலணியே இல்லாத மாணவரைப் பற்றி என் செய்வது என்று ஆசிரியர்கள் கேட்கக்கூடும். வெறுங்காலைக் குறைவாக எண்ணுவதற்கில்லை. 1992-இல் வெளியான கர்நாடக ஆய்வொன்றில் 2,300 குழந்தைகளின் பாதச் சுவடுகளைச் சோதித்தபோது, தட்டைப் பாதம் காலணி அணிந்தவரில் நூற்றுக்கு 8.6 பேருக்கும், அணியாதவரில் 2.8 பேருக்கும் மட்டுமே இருந்தது. மூடிய குறுகிய காலணி அணிந்த குழந்தைகளிடையே அது மிகுதி. நனைந்த காலால் சிமெண்டுத் தரையில் சுவடு பதித்து இதை வகுப்பிலேயே காட்டலாம். ஆனால் வளைவு நன்கமைந்த பாதமும் முள்ளையும் உடைந்த கண்ணாடியையும் தடுக்காது. நண்பகற் பாறையின் சூடு பழகிய பாதத்தையும் புண்ணாக்கும். இங்குள்ள குன்றுகளிற் பல கோயிற் குன்றுகளாதலால், காலணி அணிந்தவரும் சன்னிதிக்கு முன் அதைக் கழற்றியே தீர வேண்டும். விடியற்காலையில் புறப்பட்டு, பாறை காயுமுன் தரிசனத்தை முடித்துக்கொள்வது இதற்கு வழி. கழற்றிய ஜோடுகளை ஒரு பைக்குள் போட்டுப் பெரியவர் ஒருவர் காத்திருப்பது நல்லது. அந்தரகங்கைக் குரங்குகள் கல்வி யாத்திரைக்கென்று தனிச் சலுகை காட்டுவதில்லை.

நடையைப் பாழாக்கும் தொல்லைகளுள் முதன்மையானது கொப்புளம். தோலின் மேலடுக்கு காலணியோடு ஒரு பக்கமும், உள்ளிருக்கும் எலும்பு மற்றொரு பக்கமும் இழுபடுவதால் இடையிலுள்ள அடுக்குகள் பிரிந்து நீர் கோத்துக்கொள்கிறது. ஈரம் இதனை விரைவுபடுத்தும். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சித் தன்னிடமே தேக்கி வைப்பதால், நீண்ட நடைக்குக் கம்பளியோ நைலான் கலந்ததோ மேலானது. புதுப் பூட்ஸை மலைக்கு முன் ஒரு வாரமாவது வீட்டிலும் தெருவிலும் அணிந்து பழக வேண்டும். நடக்கும்போது ஓரிடத்தில் சூடாக உரசுவது தெரிந்தவுடன் நின்று, அவ்விடத்தில் ஒட்டுத்துணி போடுவது அவசியம். கூச்சத்தால் இதைச் சொல்லாமல் நடக்கும் மாணவரே பெரும்பாலும் மறுநாள் பள்ளிக்கு வராதவர். ஆகவே அரைமணிக்கு ஒருமுறை ஆசிரியரே கேட்டறிதல் வேண்டும்.

காயங்கள் ஏற்றத்தைவிட இறக்கத்தில்தான் மிகுதி. உடல் களைத்திருக்கும்; மனம் வீட்டை நோக்கி ஓடும். இறங்கத் தொடங்கு முன் நாடாவை அவிழ்த்து, குதிகாலைப் பின்னே அழுத்தி, கணுக்கால் அருகே இறுகக் கட்டிக்கொண்டால் விரல்கள் முன்னே இடிபடா. முதல் நாளே கால் நகங்களை வெட்டியிருக்க வேண்டும். பருமணல் கிடக்கும் பாறையிற் சிறு அடிகளாக, முழுப் பாதத்தையும் பதித்து இறங்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் கால் நழுவும்.

நனைந்த பூட்ஸை அடுப்பருகேயோ கடும் வெயிலிலோ உலர்த்தினால் தோல் வெடிக்கும். பழைய செய்தித்தாளை உள்ளே திணித்து நிழலில் வைப்பதே தகுந்தது. இக்காலப் பூட்ஸ்கள் பலவற்றில் இடையடிப்பாகம் பாலியுரிதேன் என்னும் பொருளாலானது. காற்றிலுள்ள ஈரத்தால் அது ஆண்டுகள் செல்லச் செல்ல அணியாமலே சிதைந்து போகும். வருஷக்கணக்கிற் பெட்டியில் பத்திரமாக வைத்திருந்த, பார்வைக்குப் புதிதான ஜோடு, மலைப்பாதியில் அடிப்பாகம் பொடிந்து கழன்று விழுவது இதனாலேயே. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பாக அதை அணிந்து தெருவில் ஒரு கிலோமீட்டர் நடந்து, அடிப்பாகத்தைக் கையால் வளைத்துப் பார்த்துக்கொள்வது நன்று.