உளவியலும் சர்வதேச உறவுகளும்: இணைப் பட்டப்படிப்பொன்றின் சாத்தியமும் எல்லையும்

உளவியலையும் சர்வதேச உறவுகளையும் ஒரே இளமாணிப் பட்டத்தில் இணைத்துக் கற்பதனாற் பயனுண்டா என்ற வினாவை மாணவர் சிலர் அண்மைக் காலத்தில் எம்மிடம் எழுப்பி வருகின்றனர். பிரித்தானியப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் இத்தகைய இணைப் பட்டங்கள் உள்ளன. நுகேகொடையின் ஹைலெவல் வீதியில் நடந்து செல்பவர், வெளிநாட்டுப் பட்டங்களுக்கு வழிகாட்டும் விளம்பரப் பலகைகளையும் தனியார் வகுப்புகளின் பலகைகளையும் அருகருகே காணலாம். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர் இவற்றைப் பார்த்துத் தம் பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்க முயல்கின்றனர். தொழில்வாய்ப்புப் பற்றிய வினாவாக மாத்திரம் இதனைக் கொள்வோமாயின் விடை சுருக்கமானதாகவே அமையும். ஆனால் அறிவுத்துறைகளின் பிரிவினை எவ்வாறு தோன்றியது, அப்பிரிவினையால் மறைக்கப்படுவது யாது, இணைப்பு எவ்வடிப்படையில் நிகழ வேண்டும் என்பன அதனுள் அடங்கியிருக்கும் ஆழமான பிரச்சினைகளாகும். இலக்கிய ஆய்வாளராகிய நாம் இதனுட் புகுவதற்குக் காரணமும் அதுவே.

1. இரு துறைகளின் பிறப்பு

உளவியல் தனித்துறையாகியமைக்கு அடையாளமாக, வில்ஹெல்ம் வுண்ட் 1879இல் லைப்சிக் நகரில் நிறுவிய ஆய்வுகூடம் வழக்கமாகக் குறிப்பிடப்படும். சர்வதேச உறவுகளுக்கான முதலாவது பேராசிரியர் பதவி 1919இல் வேல்ஸிலுள்ள அபரிஸ்ட்வித்தில் ஏற்படுத்தப்பட்டது. முதலாம் உலகப்போரின் அழிவுகளைக் கண்டவர்கள், மீண்டுமொரு போரைத் தவிர்க்கும் அறிவைத் தேடியமையின் விளைவு அது. ஒன்று தனிமனிதனின் உள்ளத்தையும் மற்றையது அரசுகளின் உறவையும் தன் பொருளாகக் கொண்டது. இடையிலே வர்க்கம், சாதி, உற்பத்தி உறவு, வரலாறு என்பன ஏனைய துறைகளுக்கு ஒதுக்கப்பட்டன.

ஆயினும் இத்துறைகள் ஒன்றையொன்று அறியாது வளர்ந்தன என்பது சரியன்று. 1917இல் அமெரிக்கா போரிற் குதித்தபோது பதினேழு இலட்சத்துக்கும் மேற்பட்ட படையினர் உளச்சோதனைகளுக்கு உட்படுத்தப்பட்டனர். அப்பெறுபேறுகளை, தென் ஐரோப்பியரும் கிழக்கு ஐரோப்பியரும் அறிவிற் குறைந்தோர் என நிறுவுவதற்குச் சிலர் பயன்படுத்தினர். 1924ஆம் ஆண்டின் குடிவரவுச் சட்டத்தை ஆதரித்தோர் அவற்றைத் துணைக்கழைத்தனர். போரின் அனர்த்தத்தாலேற்படும் நெருக்கீட்டினை ஒரு தனி நோயாக அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 1980இல் தன் வகைப்பாட்டிற் சேர்த்துக்கொண்டமைக்கு, வியட்நாம் போரிலிருந்து திரும்பிய படையினரின் போராட்டம் முக்கிய காரணமாயிற்று. இவ்வகையில், தனிமனித உள்ளத்தின் நோயாக இன்று பாடநூல்களிற் கற்பிக்கப்படுவது, ஓர் ஏகாதிபத்தியப் போரின் வரலாற்றுப் பிள்ளையாகவும் இருக்கின்றது. குண்டு வீசப்பட்ட வியட்நாமியக் கிராமத்தவரை விட, குண்டு வீசிய நாட்டின் படைவீரனே அவ்வகைப்பாட்டின் மூலமாதிரியாக அமைந்தான் என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும்.

2. இணைப்பின் முன்னோடிகள்

1932இல், உலகச் சங்கத்தின் அறிவுசார் ஒத்துழைப்பு நிறுவனத்தின் வேண்டுகோளுக்கிணங்க, போர் ஏன் நிகழ்கின்றது என்பது பற்றி ஐன்ஸ்டீனும் பிராய்டும் கடிதம் எழுதிக்கொண்டனர். மனிதனிடத்துள்ள அழிவுந்தலைப் பிராய்ட் ஒரு காரணமாகக் கண்டார். அவ்வுந்தல் எக்காலத்துக்கும் பொதுவெனின், 1914இல் ஏன் போர் மூண்டது, 1904இல் அவ்வரசுகளிடையே ஏன் மூளவில்லை என்பதை அதனால் விளக்கவியலாது. மாறாதவொன்றைக் கொண்டு மாறுவதை விளக்க முற்படுவதே உளவியல்வாதத்தின் அடிப்படைக் குறையாகும்.

பின்வந்தோர் இக்குறையை ஓரளவு உணர்ந்தனர். இர்விங் ஜானிஸ், 1961ஆம் ஆண்டின் கியூபப் படையெடுப்புப் போன்ற முடிவுகளை ஆராய்ந்து, ஒற்றுமையை நாடும் சிறு குழு எவ்வாறு மாற்றுக் கருத்தை அடக்கித் தவறான முடிவுக்கு வருகின்றது என்பதை 1972இல் வெளியான நூலில் எடுத்துக்காட்டினார். றொபேட் ஜேர்விஸ் 1976இல், எதிரியின் செயலை அரசியல் தலைவர்கள் தம் முற்கற்பிதங்களுக்கேற்ப எவ்வாறு பிழையாக வாசிக்கின்றனர் என்பதை விரிவாக ஆராய்ந்தார். பிரிஸ்டலில் ஹென்றி தாஜ்பெல் நடத்திய பரிசோதனைகளில், அற்பமான அடிப்படையிற் பிரிக்கப்பட்ட பள்ளிச் சிறுவர், தம் குழு பெறும் மொத்த இலாபத்தை விட மற்றக் குழுவிலும் மேலாக நிற்பதையே பல வேளைகளில் விரும்பினர். இனப்பகைமையை ஆராய்வோருக்கு இது பயனுள்ள அவதானிப்பு. ஆயினும் அச்சிறுவர்களின் குழுக்களுக்குக் காணியில்லை, மொழிச்சட்டமில்லை, வேலைவாய்ப்புப் பற்றிய போட்டியில்லை. ஆய்வுகூடம் வரலாற்றை வாயிலிலே நிறுத்திவிட்டது.

இணைப்பை வேறொரு திசையிற் சாதித்தவர் பிரான்ஸ் பனான். 1953 முதல் 1956 வரை அல்ஜீரியாவின் பிளிடா மருத்துவமனையிற் பணியாற்றிய அவர், சித்திரவதைக்குள்ளானவரையும் சித்திரவதை செய்த காவற்படையினரையும் நோயாளராகக் கண்டார். 1961இல் வெளியான அவரது இறுதி நூல், உளநோயைக் குடியேற்றவாதத்தின் விளைவாக விளக்கியது. எம் நாட்டில் உளமருத்துவர் தயா சோமசுந்தரம் யாழ்ப்பாணத்திற் செய்த பணியும் இவ்வரிசையில் வைத்து எண்ணத்தக்கது. போரின் வடுவைத் தனியாளின் நோயாக மாத்திரமன்றிக் குடும்பத்தினதும் சமூகத்தினதும் சிதைவாகக் காண வேண்டுமென்பதை அவரது ஆய்வுகள் வலியுறுத்துகின்றன.

3. 1964: ஓர் எடுத்துக்காட்டு

இணைப்பின் தேவையை எமது வரலாற்றிலிருந்தே விளக்கலாம். 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டிருந்த மலையக மக்கள் 9,75,000 பேர் எனக் கணக்கிடப்பட்டனர். அவர்களுள் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்பதென முடிவாயிற்று. எஞ்சிய 1,50,000 பேர் 1974இல் இரு நாடுகளுக்குமிடையே சரிபாதியாகப் பகிரப்பட்டனர். பகிரப்பட்டவர்களிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை.

சர்வதேச உறவுகளைக் கற்கும் மாணவர் இதனை இரு அரசுகளின் பேரமாக விளக்குவர். 1962இல் சீனாவுடனான போரிற் பின்னடைவுற்ற இந்தியா அயல்நாடுகளின் நல்லெண்ணத்தை வேண்டி நின்றது. நேரு காலத்தின் நிலைப்பாடு சாஸ்திரி காலத்தில் தளர்ந்தது. இவ்விளக்கம் தவறானதன்று. ஆனால், பின்னர் நடந்ததை அதனால் விளக்கவியலாது. விண்ணப்பங்கள் கோரப்பட்டபோது, இந்தியப் பிரஜாவுரிமை கோரியோர் ஒதுக்கப்பட்ட தொகையை எட்டவில்லை. இலங்கைப் பிரஜாவுரிமை கோரியோரோ ஒதுக்கப்பட்டதை விஞ்சினர். அரசுகளின் கணக்கும் மக்களின் உள்ளமும் பொருந்தவில்லை.

இங்கேதான் உளவியல் தேவைப்படுகின்றது. தாயும் பாட்டனும் புதைந்த மண், லயத்து அயலவர், தோட்டத்துக் கோயில் என்பவற்றோடு ஒரு மனிதர் கொள்ளும் பிணைப்பு எத்தகையது? எந்நாட்டுக்கு உரியவர் என்பது தெரியாது ஆண்டுக்கணக்காகக் காத்திருப்பது பிள்ளைகளின் வளர்ச்சியை எவ்வாறு பாதித்தது? தலைமன்னாரிலிருந்து கப்பலேறியோர் இந்தியாவில் ‘தாயகம் திரும்பியோர்’ என அழைக்கப்பட்டனர். 1968இல் நீலகிரியில் அவர்களுக்கென அரச தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. இலங்கையிலே ‘இந்தியக்காரர்’ எனப்பட்டவர் அங்கே ‘சிலோன்காரர்’ ஆயினர். தன்னடையாளம் என்பது உள்ளத்தினுள் மாத்திரம் உருவாவதன்று, பிறர் இடும் பெயரோடு போராடியே அது உருவாகின்றது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

எனினும் இவ்விரு துறைகளையும் அருகருகே வைத்தாலும் ஒரு வினா எஞ்சுகின்றது. இம்மக்கள் ஏன் நாடற்றோராக்கப்பட்டனர்? 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு தொகுதிகளில் வென்றது. வேறு தொகுதிகளில் தோட்டத் தொழிலாளரின் வாக்கு இடதுசாரிகளுக்குத் துணையாயிற்று. அச்சமுற்ற ஆளும் வர்க்கம் உழைப்பை வைத்துக்கொண்டு வாக்கைப் பறித்தது. தேயிலையின் அரசியற் பொருளாதாரத்தை அறியாத உளவியல் இவர்களின் துயரை மாத்திரமே அளக்கும். அதனை அறியாத சர்வதேச உறவுகள் இவர்களை எண்ணிக்கையாக மாத்திரமே காணும்.

இவ்விடத்துச் சுயவிமர்சனமொன்றும் அவசியமாகின்றது. 1948இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிகள் உறுதியாக எதிர்த்தனர். 1964இல் ஒப்பந்தத்தைச் செய்த கூட்டரசாங்கத்திலோ லங்கா சமசமாஜக் கட்சி பங்காளியாக இருந்தது. இம்மாற்றத்தைப் பாராளுமன்றச் சந்தர்ப்பவாதம் என்று கூறி அமைவது எளிது. பெரும்பான்மை மக்களின் உணர்வோட்டம் ஓர் இயக்கத்தின் உறுப்பினரையும் தலைவர்களையும் எவ்வாறு ஆட்கொள்கின்றது என்பதை ஆராயும் கருவிகள் எம்மிடம் இருக்கவில்லை. உளவியலை முதலாளித்துவ விஞ்ஞானம் என ஒதுக்கிய மார்க்சியர் அதற்கான விலையைக் கொடுத்தனர். சோவியத் நாட்டிலேயே வைகோட்ஸ்கியின் ஆக்கங்கள் 1936இலிருந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் ஒதுக்கிவைக்கப்பட்டிருந்தமை இங்கு நினைவுகூரத்தக்கது.

4. கற்கைநெறியும் கற்போரும்

இணைப் பட்டமென்பது நடைமுறையில் யாது? இங்கிலாந்திற் பொதுவாக மூன்றாண்டுகள். பாடங்கள் இரு துறைகளுக்கிடையிலும் ஏறத்தாழச் சமமாகப் பகிரப்படும். உளவியற் பக்கத்தில் உயிரியல், அறிகை, விருத்தி, சமூகம், தனியாள் வேறுபாடு ஆகிய பகுதிகளும் ஆய்வுமுறையும் புள்ளிவிபரவியலும் அடங்கும். மற்றைய பக்கத்தில் சர்வதேச அரசியற் கோட்பாடு, இராசதந்திர வரலாறு, வெளிநாட்டுக் கொள்கை, சர்வதேச அமைப்புகள் என்பன அடங்கும். மாணவர் முற்கூட்டியே அறிய வேண்டிய செய்தியொன்றுண்டு. உளவியலாளராகத் தொழில்புரிய விரும்புவோருக்குப் பிரித்தானிய உளவியற் சங்கத்தின் அங்கீகாரம் முக்கியமானது. எல்லா இணைப் பட்டங்களுக்கும் அது கிடைப்பதில்லை. மேலும், இளமாணிப் பட்டம் எவரையும் உளச்சிகிச்சையாளராக்குவதில்லை. அதற்கு மேற்பட்டப் பயிற்சி வேண்டும்.

இலங்கை அரச பல்கலைக்கழகங்களில் நான்காண்டுச் சிறப்புப் பட்டம் பெரும்பாலும் ஒரு துறையைச் சார்ந்தது. பேராதனையில் உளவியல் நெடுங்காலம் மெய்யியற்றுறையின் பகுதியாகவே இருந்தது. கொழும்பிற் சர்வதேச உறவுகளுக்குத் தனித்துறை உண்டு. இரண்டையும் இணைக்க விரும்புபவர் பொதுப் பட்டத்தின் பாடத்தெரிவையோ பட்டப்பின் கற்கையையோ நாட வேண்டியுள்ளது, அல்லது பணங்கொடுத்து வெளிநாட்டுப் பட்டத்தைப் பெற வேண்டியுள்ளது. பின்னைய வழி ஆங்கிலத்தில் அமைந்தது, பணமுடையோருக்கே திறந்தது. மஸ்கெலியாவிலோ வாகரையிலோ தமிழ்மொழி மூலம் கற்ற மாணவி இதற்குப் புறத்தேயே நிற்கின்றாள். நாடற்ற நிலை, இடப்பெயர்வு, போர், புலப்பெயர்வு என இக்கற்கைநெறியின் பொருளாக அமையும் அனைத்தும் அவளது குடும்பத்தின் வரலாறு. அவ்வரலாற்றைப் பற்றிய அறிவை ஆக்கும் உரிமை மாத்திரம் அவளிடமில்லை.

நுகேகொடைக்கு இதில் ஒரு பாரம்பரியமுண்டு. 1873இல் தொடங்கிய வித்தியோதயப் பிரிவெனா 1959இற் பல்கலைக்கழகமாகி, பின்னர் இங்குள்ள கங்கொடவிலையில் நிலைகொண்டு, 1978இல் ஸ்ரீ ஜயவர்த்தனபுரப் பல்கலைக்கழகமாயிற்று. 1980இல் உருவான திறந்த பல்கலைக்கழகமும் அயலிலுள்ள நாவலையிலேயே உள்ளது. ஒன்று சுயமொழிக் கல்வியின் வேட்கையிலும் மற்றையது வாயில்களை அகலத் திறக்கும் நோக்கிலும் பிறந்தன. பேராசிரியர் சிவத்தம்பி வித்தியோதயத்திற் கற்பித்த காலத்திலேதான், பேர்மிங்காமில் ஜோர்ஜ் தொம்சனின் கீழ்ப் பண்டைத் தமிழரின் நாடகம் பற்றிய கலாநிதிப் பட்ட ஆய்வை நிறைவுசெய்தார். நாடகத்தையும் மானிடவியலையும் கிரேக்க வரலாற்றையும் அவர் இணைத்தது பாடத்தெரிவுப் பட்டியலைப் பார்த்தன்று. ஒரு சமூகம் தன் கலையை எவ்வாறு ஆக்குகின்றது என்ற வினாவே அவற்றை இணைத்தது.

சுருங்கக்கூறின், இரு துறைகளைப் பட்டச் சான்றிதழில் அருகருகே எழுதுவது இணைப்பாகாது. அரைப்பங்கு உள்ளமும் அரைப்பங்கு உலகமும் சேர்ந்து முழுமனிதரை ஆக்கிவிடா. உள்ளத்துக்கும் அரசுக்கும் இடையேயுள்ள வரலாறும் வர்க்க உறவுமே அவற்றைப் பிணைக்கின்றன. அதனை உணர்ந்து கற்கும் மாணவருக்கு இக்கற்கைநெறி பெரும் பயன் தரவல்லது என்பதே எமது விடை. ஆனால் எம்மிடம் வினவ வந்த மாணவரிடம் நாம் ஒரு வினாவையும் வைத்தே அனுப்பினோம். நீங்கள் கற்பதைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுவீர்களா? 1964இல் யாரிடமும் கேளாது பகிரப்பட்ட மக்களின் பேரப்பிள்ளைகள், தம்மைப் பற்றி எழுதப்படுவதை வாசிக்கவும் மறுத்துரைக்கவும் இயலுமாகும்போதே இவ்விணைப்பு நிறைவுறும்.