மாப்பிள்ளை பெஞ்சின் வேட்பாளர்

'ஸ்தானார்த்தி ஸ்ரீக்குட்டன்' 2024 நவம்பர் 29 அன்று திரைக்கு வந்த மலையாளப் படம். இயக்கியவர் வினேஷ் விஸ்வநாத். திருவனந்தபுரம் வட்டாரத்து நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஏழாம் வகுப்புப் பையன்கள் இருவர் பள்ளித் தலைவர் தேர்தலில் மோதுவதுதான் கதை.

ஸ்ரீக்குட்டன் (ஸ்ரீரங் ஷைன்) மாப்பிள்ளை பெஞ்சு ஆசாமி. அம்பாடி (தர்ஷன் மணிகண்டன்) முதல் வரிசை, நல்ல மதிப்பெண். அஜு வர்கீஸ் நடித்த கண்டிப்பான சி.பி. வாத்தியாரின் செல்லப்பிள்ளை. பாண்டிராஜின் 'பசங்க' (2009) படத்தில் பையன்களின் பகை இரு வீட்டுப் பெரியவர்களையும் பற்றிக்கொள்ளும். இங்கே சண்டை வாத்தியாரின் பார்வை யார் மேல் விழுகிறது என்பதில். ஏழை, பணக்காரன் என்ற பேச்சு அதிகம் இல்லை. பெஞ்சு வரிசையே வர்க்கமாகிவிடுகிறது. படத்தின் கெட்டிக்காரத்தனம் இதுதான். கடைசி பெஞ்சுக்காரன் என்பதற்காக அவமானப்பட்ட பையனே, சுவரோரமாக மூன்று பக்கமும் பெஞ்சுகளைப் போட்டுவிட்டால் கடைசி வரிசை என்று ஒன்று இருக்காதே என்று யோசிக்கிறான்.

யோசனை புதிதல்ல. 1994 முதல் நடைமுறைக்கு வந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டக் காலத்தில் கேரளப் பள்ளிகளில் இப்படி உட்கார வைத்ததுண்டு, நடுவில் அது வழக்கொழிந்தது என்று இயக்குநரே சொல்லியிருக்கிறார்.

கொல்லம் மாவட்டம் வாளகத்தில் கேரள அமைச்சராக இருந்த கே.பி. கணேஷ் குமாரின் குடும்பத்தினர் நடத்தும் ராமவிலாசம் பள்ளி, படம் வெளிவரும் முன்பே இதைச் செய்து பார்த்தது. முன்னோட்டக் காட்சியில் படத்தைப் பார்த்த கணேஷ் குமார் ஆசிரியர்களிடம் பேச, ஒரு வகுப்பில் தொடங்கிய மாற்றம் தொடக்க வகுப்புகள் அனைத்துக்கும் பரவியது. 2025இல் படம் ஓடிடியில் வந்த பிறகுதான் வெளியூர்களில் பேச்சு கிளம்பியது. பஞ்சாபில்கூட ஒரு பள்ளி பெஞ்சுகளை இடம் மாற்றியது.

அதே ஆண்டு ஜூலையில் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையும் 'ப' வடிவ இருக்கைக்குச் சுற்றறிக்கை அனுப்பியது. பக்கவாட்டில் உட்காரும் பிள்ளைகள் கரும்பலகையைப் பார்க்க நாள் முழுக்கக் கழுத்தைத் திருப்பியே இருக்க வேண்டுமே என்று உடனே ஆட்சேபம் எழுந்தது. நியாயமான கேள்விதான். ஆனால் அதைவிடப் பெரிய சிக்கல் இடம். இருபது இருபத்தைந்து பிள்ளைகள் என்றால் மூன்று சுவரோரமும் ஒற்றை வரிசை போதும். ஐம்பது பேர் நெருக்கியடிக்கும் அறையில் 'ப'வுக்குள் இன்னொரு 'ப' போட்டாக வேண்டும். அப்போது பின்வரிசைக்கு யாரை அனுப்புவது என்பதை மறுபடியும் வாத்தியார்தான் முடிவு செய்வார்.