நிதித்துறையின் வாயிலும் நம் ஊர் இளைஞரும்

கொங்கு நாட்டில் ‘பைனான்ஸ்’ என்ற சொல்லுக்கு ஒரு தனிப்பொருள் உண்டு. வாரத் தவணைக்குப் பணம் கொடுத்து, குறித்த நாளில் வீட்டு வாசலில் வந்து நின்று வசூல் செய்யும் தொழிலையே நம் மக்கள் அச்சொல்லால் குறிக்கின்றனர். தாராபுரம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில் ஒரு தாயிடம், பட்டம் பெற்ற அவருடைய மகள் நிதித்துறையில் வேலைக்கு முயலலாம் என்று நான் சொன்னபோது, “வசூலுக்கெல்லாம் பொம்பளப் புள்ளைய அனுப்ப முடியுங்களா, சார்?” என்று அவர் கேட்டார். அவர் அறிந்த உலகத்தைக் கொண்டு பார்த்தால் அக்கேள்வி நியாயமானதே.

மாணவ மாணவியரே! நான் இன்று பேச எடுத்துக்கொண்ட நிதித்துறை அதுவன்று. வங்கிகள், கூட்டுறவுச் சங்கங்கள், காப்பீட்டு நிறுவனங்கள், கம்பெனிகளின் கணக்குப் பிரிவு, தணிக்கையாளர் அலுவலகம் ஆகியவற்றில் உள்ள உத்தியோகங்களையே குறிக்கிறேன். இவற்றுள் வங்கி வேலையைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்வேன். ஏனெனில், பொருள் வசதியும் செல்வாக்கும் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு நேர்வழியில் திறந்திருக்கும் வாயில் அதுவே.

அந்த வாயில் எப்போதும் திறந்திருந்ததில்லை. 1906 ஆம் ஆண்டில் சென்னையில் ஆர்பத்நாட் என்னும் ஆங்கிலேயர் கம்பெனி முறிந்து, எத்தனையோ பேரின் சேமிப்பு அதனோடு போயிற்று. அந்த அதிர்ச்சிக்குப் பின்னரே, சுதேசி முயற்சியாக, 1907 இல் இந்தியன் வங்கி தோன்றியது. நமக்கு அண்மையில் உள்ள கரூரில் 1916 இல் கரூர் வைசியா வங்கி பிறந்தது. இவையெல்லாம் பெருமைக்குரிய முயற்சிகள்தாம். ஆயினும், அந்நாளில் வங்கியின் மேசைக்குப் பின்னால் அமரும் வாய்ப்பு பெரும்பாலும் அறிமுகத்தின் வழியே வந்தது. யாரேனும் ஒருவர் ‘நம் பையன்’ என்று சொல்ல வேண்டும். கூலி வேலை செய்வோர் வீட்டுப் பிள்ளைக்காக அப்படிச் சொல்ல ஆள் இல்லை.

1969 ஜூலை 19 இல் 14 வங்கிகள் நாட்டுடைமையாயின. 1980 இல் மேலும் 6 வங்கிகள் சேர்ந்தன. கிளைகள் சிற்றூர்களுக்கு வந்தன. போட்டித் தேர்வும் இட ஒதுக்கீடும் வந்தன. 2011 முதல், ஐ.பி.பி.எஸ். எனப்படும் வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனம் பொதுத்துறை வங்கிகளுக்குப் பொதுவான தேர்வை நடத்தி வருகிறது. பாரத ஸ்டேட் வங்கி மட்டும் தன் தேர்வைத் தனியே நடத்திக்கொள்கிறது. எழுத்தர் நிலைப் பணிக்கு நேர்முகத் தேர்வு கிடையாது. எனவே, ‘நம் பையன்’ என்று சொல்ல ஆள் தேவையில்லை. இது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதைப் பெரியவர்கள்கூட முழுமையாக உணர்ந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

அப்படியானால் நம் பகுதிப் பிள்ளைகள் ஏன் அதிகமாகச் செல்வதில்லை? அறிவுக் குறைவு என்று சிலர் கூறுவர். முப்பது ஆண்டுகளுக்கு மேல் வகுப்பறையில் நின்றவன் என்ற உரிமையில் அதனை நான் மறுக்கிறேன். காரணம் வேறு. அது சனிக்கிழமை மாலையில் இருக்கிறது.

தாராபுரத்திலிருந்து திருப்பூர் ஏறத்தாழ 50 கிலோமீட்டர். விடியற்காலையில் ஊர்ப் பிரிவில் கம்பெனி வேன் வந்து நிற்கிறது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த மறுநாளே ஒரு பையன் அதில் ஏறிவிடலாம். முதலில் கைமடி வேலை, பின்னர் செக்கிங், கை பழகினால் தையல் எந்திரம். ஒன்றரை ஷிப்டு பார்த்தால் சனிக்கிழமை மாலை கையில் பணம். அந்தப் பணத்தில் வீட்டுக்கு அரிசி வருகிறது. தங்கையின் பள்ளிச் செலவு நடக்கிறது. அப்பாவின் மருந்துக் கடைக் கடன் குறைகிறது. அந்தப் பையன் மேல் எனக்கு மனக்குறை இல்லை. பனியன் தொழில் நம் மாவட்டத்திற்குச் சோறு போடும் தொழில். அதனை இழித்துப் பேசுவோரோடு எனக்கு உடன்பாடு கிடையாது.

இப்போது வங்கி வேலையின் கணக்கைப் பாருங்கள். முதலில் ஒரு பட்டம் வேண்டும். எந்தப் பாடமாயினும் சரி. பட்டம் பெற்றபின் குறைந்தது ஆறு மாதப் பயிற்சி. தேர்வு அறிவிப்பு வந்த பின்னும் முதல்நிலைத் தேர்வு, முதன்மைத் தேர்வு, பணி ஒதுக்கீடு என்று ஏறத்தாழ 8 மாதங்கள் கழிகின்றன. முதல் முயற்சியில் தவறினால் இன்னும் ஓராண்டு. ஆக, பட்டத்திற்கும் முதல் சம்பளத்திற்கும் இடையே ஒன்றரை அல்லது இரண்டு ஆண்டுக் காலம் வருமானமின்றி நிற்கிறது. வசதியுள்ள வீட்டில் இதற்குப் பெயர் ‘தயாரிப்பு’. ஏழை வீட்டில் இதற்குப் பெயர் ‘சும்மா இருக்கிறான்’. இந்த இடைவெளியில்தான் நம் பிள்ளைகள் விழுகின்றனர். ஆகலின், நம் ஊர் இளைஞருக்கு உதவ விரும்புவோர் முதலில் வாங்கித் தர வேண்டிய பொருள் ‘காலம்’ என்பது என் துணிபு.

இவ்வகையில் சில ஏற்பாடுகள் அண்மை ஆண்டுகளில் நடந்துள்ளன. அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரிக்குச் செல்லும் பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரில் தொடங்கியது. ஆண் பிள்ளைகளுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டில் கோவையில் தொடங்கப்பட்டது. ஆயிரம் ரூபாய் சிறிய தொகை என்று நகைப்போர் உண்டு. பேருந்துக்கும் புத்தகத்திற்கும் வீட்டில் கை நீட்ட வேண்டியதில்லை என்ற நிலை, கல்லூரியை நடுவில் விட்டு வேனில் ஏற இருந்த ஒரு பிள்ளையைப் பிடித்து நிறுத்தக் கூடியது. தாராபுரத்திலேயே அரசு கலை அறிவியல் கல்லூரி தொடங்கப்பட்டதும் இந்த வகையிலே பேருதவியாகும். 2022 மார்ச்சில் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தின் ஒரு பகுதியாக வங்கித் தேர்வுகளுக்கு ஆறு மாதம் உணவும் இடமும் தந்து கட்டணமின்றிப் பயிற்சி அளித்தனர். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களோடு இணைந்த தன்னார்வப் பயிலும் வட்டங்களிலும் போட்டித் தேர்வுகளுக்கு இலவச வகுப்புகள் நடைபெறுகின்றன.

இவற்றிற்கு அப்பால் ஊராரும் செய்யக்கூடியது உண்டு. ஆண்டுவிழாவில் பரிசுக் கோப்பையும் பொன்னாடையும் அளிக்கும் செல்வர்கள், அச்செலவைக் கொண்டு ஒரு பட்டதாரிக்கு ஓராண்டு வீட்டுச் செலவில் ஒரு பங்கை ஏற்கலாம். கம்பெனி நடத்துவோர், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளையை ஒன்றரை ஷிப்டுக்கு நிறுத்தாமல் ஒரு ஷிப்டோடு அனுப்பலாம். மாலையில் கிடைக்கும் அந்த மூன்று நான்கு மணி நேரம் சிறு கொடையன்று.

தேர்வு எத்தகையது என்று அறிய நீங்கள் விரும்புவீர்கள். எழுத்தர் பணியின் முதல்நிலைத் தேர்வில் 100 வினாக்கள், 60 நிமிடம். ஆங்கிலம் 30, எண்கணிதம் 35, அறிவாய்வு 35; ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடம். ஒரு வினாவுக்குச் சராசரி 36 நொடிதான் கிடைக்கும். தவறான விடைக்குக் கால் மதிப்பெண் குறையும். தெரியாத 20 வினாக்களுக்குக் குருட்டாம்போக்கில் விடை குறித்து எல்லாம் தவறானால் 5 மதிப்பெண் பறிபோகும். அங்கே கேட்கப்படுவது உயர்கணிதம் அன்று. விழுக்காடு, விகிதம், சராசரி, வட்டி, இலாப நட்டம் என்ற நம் எட்டாம் வகுப்புக் கணக்குகளே. ஆனால் விரைவு வேண்டும். விரைவு நாள்தோறும் பழகுவதனால் மட்டுமே வரும்.

நான் இக்கணக்குகளைப் பனியன் கம்பெனிச் சம்பளச் சீட்டைக் கொண்டு கற்பிப்பதுண்டு. ஒரு தாயின் மாத ஊதியம் 12,000 ரூபாய் என்றும், அது முழுவதும் பிடித்தத்திற்கு உரியது என்றும் கொள்வோம். வருங்கால வைப்பு நிதிக்கு 12 விழுக்காடு, அதாவது 1,440 ரூபாய். தொழிலாளர் காப்புறுதிக்கு 0.75 விழுக்காடு, அதாவது 90 ரூபாய். கைக்கு வருவது 10,470. இக்கணக்கைப் போட்ட மாணவி ஒருத்தி, “அம்மாவிடம் பிடித்த பணம் எங்கே இருக்கிறது, சார்?” என்று கேட்டாள். நிதித்துறைக் கல்வி அந்தக் கேள்வியில் தொடங்குகிறது. இன்னொரு கணக்கு: நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய் வட்டியில் 10,000 ரூபாய் கடன். ஓராண்டில் வட்டி மட்டும் 12,000. அசல் அப்படியே நிற்கும். ஆண்டுக்கு 120 விழுக்காடு என்று கரும்பலகையில் எழுதியபோது வகுப்பில் பலர் தலை குனிந்தனர். அது அவர்கள் வீட்டுக் கணக்கு. இத்தகைய வீட்டிலிருந்து ஒரு பெண் வங்கியின் மேசைக்குப் பின்னால் அமர்ந்தால், நகைக்கடனுக்குத் தயங்கி வாசலில் நிற்கும் மூதாட்டியை உள்ளே அழைக்க அவளுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை.

ஆங்கிலத்தைக் கண்டு அஞ்சுவோர்க்கு ஒரு செய்தி. எழுத்தர் தேர்வுகளைத் தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளில் நடத்த வேண்டும் என 2021 இல் மத்திய நிதி அமைச்சகம் பரிந்துரைத்தது. ஆங்கிலப் பகுதி நீங்கலாக மற்றவற்றைத் தமிழிலேயே எழுதலாம். விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழி தெரிந்திருக்க வேண்டும் என்பதும் விதி. தமிழ் இங்கே தடையாக நிற்கவில்லை, தகுதியாகவே நிற்கிறது. சேலத்தைத் தலைமையிடமாகக் கொண்டு 2019 இல் உருவான தமிழ்நாடு கிராம வங்கியின் அலுவலக உதவியாளர் பணிக்கோ முதல்நிலைத் தேர்வில் ஆங்கிலமே இல்லை. அறிவாய்வும் கணிதமும் 40 வினாக்கள் வீதம், 45 நிமிடம். எனினும் அங்கும் முதன்மைத் தேர்வில் மொழிப் பகுதி உண்டு. ஆகவே ஆங்கிலத்தை ஒத்திப் போடலாமே தவிர ஒதுக்கிவிட இயலாது. நாள்தோறும் ஆங்கிலச் செய்தித்தாளின் ஒரு பத்தியை வாய்விட்டுப் படியுங்கள். நான் கண்டவரையில் இதைவிட மலிவான பயிற்சி இல்லை.

வங்கி ஒன்றே வழி என்று எண்ணிவிடாதீர்கள். ஏற்றுமதி நடக்கும் ஊரில் எந்திரங்கள் எத்தனையோ, கணக்கேடுகளும் அத்தனை. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி வந்த பின்னர், சிறு கம்பெனிக்கும் கணக்கு எழுதத் தெரிந்த ஆள் இல்லாமல் நடவாது. வணிகவியல் பயின்ற பிள்ளை கணினியில் கணக்கு எழுதப் பழகினால், கைமடிக்குப் போகும் அதே கம்பெனியில் கணக்குப் பிரிவுக்குப் போகலாம். அங்கே ஏற்றுமதிக் கடன் எப்படிக் கிடைக்கிறது, வெளிநாட்டுப் பணம் எப்படி வந்து சேர்கிறது என்பவற்றை ஊதியம் பெற்றுக்கொண்டே கற்கலாம். காத்திருக்க இயலாத வீட்டுப் பிள்ளைக்கு இது நல்ல வழி.

இன்னும் மேலே செல்ல விரும்புவோர்க்குப் பட்டயக் கணக்காளர் படிப்பு இருக்கிறது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் அடிப்படைத் தேர்வு, பின்னர் இடைநிலைத் தேர்வு, இரண்டாண்டு உதவித்தொகையுடன் தணிக்கையாளரிடம் பயிற்சி, இறுதித் தேர்வு என்று அது செல்லும். கடினமான படிப்பு, பலமுறை தவறியவர்களும் உண்டு. இந்தியாவின் முதல் பெண் கணக்காளரான ஆர். சிவபோகம் நம் தமிழ்நாட்டவர். விடுதலைப் போரில் ஈடுபட்டுச் சிறை சென்றவர். 1933 இல் கணக்காளர் தேர்வில் வெற்றி பெற்றும், சிறை சென்றவரைப் பதிவு செய்யலாகாது என்ற விதி குறுக்கே நின்றது. அவர் வழக்காடி வென்று, 1937 இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். 1955 முதல் 1958 வரை தென்னிந்தியக் கணக்காளர் மன்றத்தின் தலைமைப் பொறுப்பையும் வகித்தார்.

வங்கி வேலை வாங்கித் தருவதாக முன்பணம் கேட்போர் எல்லா ஊரிலும் திரிகின்றனர். நேர்முகமே இல்லாத தேர்வில் எவரும் எதையும் வாங்கித் தர இயலாது என்பதை உங்கள் பெற்றோருக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இறுதியாக, சிறிதெனத் தோன்றினும் பலரை வாயிற்படியில் நிறுத்திவிடும் ஒன்று. எழுத்தர் பணிக்கு வயது 20 முதல் 28 வரை; பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 5 ஆண்டும், இதர பிற்படுத்தப்பட்டோருக்கு 3 ஆண்டும் தளர்வு உண்டு. ஆனால் பிற்படுத்தப்பட்ட, மிகவும் பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் பள்ளியில் சேரும்போது வாங்கிய மாநிலச் சாதிச் சான்றிதழ் இங்கே போதாது. மத்திய அரசின் படிவத்தில், வசதி படைத்த பிரிவைச் சேர்ந்தவர் அல்லர் என்ற குறிப்போடு, ஓ.பி.சி. சான்றிதழ் தனியே பெற வேண்டும். அது அறிவிப்பில் குறித்த காலத்திற்கு உரியதாகவும் இருக்க வேண்டும். தேர்வில் வென்றபின் அதைத் தேடி அலைவதைவிட, இளங்கலை மூன்றாம் ஆண்டிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து எப்படிப் பெறுவது என்று தெரிந்துகொள்ளுங்கள். பெயரின் எழுத்தும் தலைப்பெழுத்தும் பள்ளிச் சான்றிதழிலும் ஆதாரிலும் பட்டத்திலும் ஒன்றாக உள்ளனவா என்று அன்றே ஒத்துப் பாருங்கள். வேறுபாடு இருப்பின் திருத்துவதற்கு மாதங்கள் ஆகும்.